டெக்சாஸில் மெடிக்கெய்ட் கட்டணங்களும் வேளாண் விதிகளும்: அறிவிப்பைப் படித்துக் கருத்துத் தெரிவிக்கும் முறை

டெக்சாஸ் மாநிலத்தில் முதியோர் பகல்நேரப் பராமரிப்பு மையம் நடத்துபவர்கள், நோயாளிகளின் வீட்டுக்கே பணியாளர்களை அனுப்பும் நிறுவனம் வைத்திருப்பவர்கள், சிறிய மருத்துவகம் தொடங்கியிருப்பவர்கள் ஆகியோரில் பலருக்கு வருமானத்தின் பெரும்பகுதி, குறைந்த வருமானமுள்ளோருக்கான அரசு மருத்துவ உதவித் திட்டமான மெடிக்கெய்ட்டிலிருந்துதான் வருகிறது. அந்தத் திட்டம் ஒரு சேவைக்கு இவ்வளவுதான் தருவேன் என்று சொல்லும் தொகை மாறினால், பணியாளர் சம்பளம் முதல் கட்டட வாடகை வரை எல்லாமே மாறுகிறது. நாற்றங்கால் வைத்திருப்பவர்களுக்கும் பண்ணை நடத்துபவர்களுக்கும் மாநில வேளாண் துறையின் விதிகள் அதே அளவுக்கு முக்கியமானவை. ஆனாலும் புதிதாக இத்தொழில்களுக்கு வருபவர்களில் பெரும்பாலோர், மாற்றம் நடைமுறைக்கு வந்து பணம் குறைந்த பிறகோ அபராதக் கடிதம் வந்த பிறகோதான் அப்படி ஒரு முன்மொழிவு இருந்ததையே அறிகிறார்கள். மாற்றத்துக்கு முன்னால் அறிவிப்புக் கொடுத்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் துறைகளைக் கட்டாயப்படுத்துகிறது. அந்த வாய்ப்பைத் தேடிப் பயன்படுத்தும் வழியை, முதன்முறையாக இதில் இறங்குபவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

இரண்டு துறைகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய காரணம்

மெடிக்கெய்ட் கட்டணங்களை நிர்ணயிப்பது மாநில சுகாதார மற்றும் மனித சேவைகள் ஆணையம். சுருக்கமாக ஹெச்ஹெச்எஸ்சி என்பார்கள். ஆளுநர் நியமிக்கும் நிர்வாக ஆணையர் அதன் தலைவர். வேளாண் துறையின் ஆணையரோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பவர். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால் டெக்சாஸில் பள்ளி மதிய உணவுத் திட்டம் 2003 முதல் வேளாண் துறையின் கையில் இருக்கிறது. முதியோர் மையங்களுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் உணவுக்கான கூட்டாட்சிப் பணத்தைப் பிரித்துக் கொடுப்பதும் அதே துறைதான். கிராமப்புறச் சிறு மருத்துவமனைகளுக்கு உதவும் மாநில ஊரக நல அலுவலகமும் அதற்குள்தான் இருக்கிறது. ஆகவே ஒரு முதியோர் பகல்நேர மையம் பராமரிப்புக்கான கட்டணத்தை ஒரு துறையின் முறைப்படியும், மதிய உணவுக்கான தொகையை இன்னொரு துறை வழியாகவும் பெறக்கூடும். ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விட்டுவிட்டால் கணக்கில் பாதிதான் கண்ணில் படும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: எது எங்கே முடிவாகிறது

இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ளாமல் கருத்து எழுத உட்காருபவர்களின் உழைப்பு வீணாகிறது என்பதால், இந்தப் பகுதியைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

மெடிக்கெய்ட் கட்டணம் ஒன்று உருவாவதில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. மேலே இருப்பது மாநிலச் சட்டமன்றத்தின் வரவுசெலவுத் திட்டம். டெக்சாஸ் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜனவரி மாதம் கூடி 140 நாட்களுக்குள் இரண்டு ஆண்டுகளுக்கான நிதியை ஒதுக்குகிறது. அந்தச் சட்டத்தோடு இணைக்கப்படும் நிபந்தனைகளில், குறிப்பிட்ட சேவைக்குக் கட்டணத்தை உயர்த்தவோ குறைக்கவோ ஆணையத்துக்கு நேரடியாக உத்தரவிட முடியும். வீடுகளில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உதவும் பணியாளர்களுக்காகக் கட்டணத்தில் கணக்கிடப்படும் அடிப்படை ஊதியம், மணிக்கு 8.11 டாலராக நெடுங்காலம் கிடந்து, 2023 செப்டம்பர் 1 முதல் 10.60 டாலராக உயர்ந்தது இப்படித்தான். அந்த முடிவு சட்டமன்றத்தில் எடுக்கப்பட்டது. ஆணையம் அதை நிறைவேற்றியது.

அடுத்த அடுக்கு விதி. கட்டணத்தைக் கணக்கிடும் முறை, அதாவது எந்தச் செலவைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது, எந்தச் சூத்திரம், எவ்வளவு காலத்துக்கு ஒரு முறை மறுஆய்வு என்பவை மாநில நிர்வாக விதித் தொகுப்பில் இருக்கின்றன. அதன் 1ஆம் தலைப்பு, 15ஆம் பகுதி, 355ஆம் அத்தியாயத்தை மெடிக்கெய்ட் பணம் வாங்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது திறந்து பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, மருத்துவர்களின் பல சேவைகளுக்கு அந்தச் சேவைக்குத் தேவைப்படும் உழைப்பையும் செலவையும் அளவிடும் மதிப்புப் புள்ளிகளை ஒரு டாலர் காரணியால் பெருக்கித் தொகை காண்கிறார்கள். ஒரு சேவைக்கு 2.5 புள்ளி என்றும் காரணி 30 டாலர் என்றும் வைத்துக்கொண்டால் கட்டணம் 75 டாலர். பெருக்க வேண்டும் என்ற முறை விதியில் இருக்கிறது.

மூன்றாவது அடுக்கு அந்த 75 டாலர் என்ற எண். டெக்சாஸில் இந்த எண் பொதுவாக விதியாக வெளியிடப்படுவதில்லை. ஆணையம் உத்தேசக் கட்டணங்களை அறிவித்து, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் ஒன்றை நடத்தி, பின்னர் முடிவு செய்கிறது. ஆகவே விதி மாற்றங்களை மட்டும் தேடிக்கொண்டிருப்பவரின் கண்ணில் கட்டண மாற்றம் படாமலே போய்விடலாம். புதியவர்கள் பெரிதும் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

இந்த மூன்று அடுக்குகளும் எப்படி ஒன்றோடொன்று பின்னியிருக்கின்றன என்பதற்குக் குழந்தைகளுக்கான பேச்சுப் பயிற்சி, உடலியக்கப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி ஆகியவற்றின் கட்டணக் குறைப்பைச் சொல்லலாம். 2015இல் சட்டமன்றம் இந்தச் சேவைகளில் பெருந்தொகையைச் சேமிக்க வேண்டும் என்று ஆணையத்துக்கு நிபந்தனை விதித்தது. ஆணையம் குறைந்த கட்டணங்களை அறிவித்ததும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கருத்துக்கேட்பில் எதிர்த்தார்கள், வழக்கும் தொடுக்கப்பட்டது. குறைப்பு ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போய், 2016 டிசம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. 2017இல் கூடிய சட்டமன்றம் அதில் ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்தது. கருத்துக்கேட்பில் சொல்லப்பட்ட எதிர்ப்பு நேரத்தை வாங்கித் தந்தது. ஆனால் பணம் ஒதுக்கும் இடம் சட்டமன்றம் என்பதால், முழுத் தீர்வை அங்கேதான் கேட்க வேண்டியிருந்தது.

இதழை எங்கே, எப்படிப் படிப்பது

மாநிலச் செயலர் அலுவலகம் வெள்ளிக்கிழமைதோறும் 'டெக்சாஸ் ரெஜிஸ்டர்' என்ற அரசிதழை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. எல்லாத் துறைகளின் விதி மாற்றங்களும் இதில் வந்தாக வேண்டும். முழு இதழையும் படிக்க முயல வேண்டாம்; நூற்றுக்கணக்கான பக்கங்கள் இருக்கும் வாரங்கள் உண்டு. பொருளடக்கத்தைத் திறந்து மூன்று பகுதிகளை மட்டும் பாருங்கள். 'ப்ரொபோஸ்டு ரூல்ஸ்' என்ற பகுதியில் முன்மொழியப்பட்ட விதிகளும், 'அடாப்டட் ரூல்ஸ்' என்ற பகுதியில் இறுதியாக்கப்பட்ட விதிகளும், 'இன் அடிஷன்' என்ற பகுதியில் விதி அல்லாத அறிவிப்புகளும் இருக்கும். மெடிக்கெய்ட் கட்டணக் கூட்டங்களுக்கான அழைப்பு வருவது கடைசியாகச் சொன்ன பகுதியில். பொருளடக்கத்தின் அடியில் இருப்பதால் பலர் அதுவரை போவதில்லை.

முன்மொழிவுகள் தலைப்பு எண் வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். 1ஆம் தலைப்பில் மெடிக்கெய்ட் கட்டண முறைகள், 4ஆம் தலைப்பில் வேளாண்மை, 26ஆம் தலைப்பில் சுகாதார ஆணையத்தின் உரிமம் மற்றும் சேவை விதிகள் எனத் தேவையானவற்றைக் குறித்து வைத்துக்கொண்டால், வாரம் ஒரு முறை கால் மணி நேரம் போதும். 4ஆம் தலைப்பின் முதல் பகுதி வேளாண் துறைக்கும் இரண்டாம் பகுதி கால்நடை நல ஆணையத்துக்கும் உரியது. ஆடு மாடு வளர்ப்பவர்கள் இரண்டாவதையும் விடக் கூடாது.

அரசிதழுக்கு வருமுன்பே, சுகாதார ஆணையம் தன் இணையதளத்தில் பல வரைவுகளை முறைசாராக் கருத்துக்காகப் போடுகிறது. என் அனுபவத்தில் வாசகத்தை மாற்றுவது அந்தக் கட்டத்தில்தான் எளிது; அரசிதழில் வந்த பிறகு அதிகாரிகள் தங்கள் முன்மொழிவைக் காத்து நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள். இரண்டு துறைகளும் மின்னஞ்சல் அறிவிப்புப் பட்டியல்களை நடத்துகின்றன. தொழில் தொடங்கிய வாரத்திலேயே அவற்றில் பெயரைப் பதிந்துவிடுங்கள்.

முன்மொழிவு ஒன்றில் பார்க்க வேண்டியவை

ஒவ்வொரு முன்மொழிவும் முன்னுரை, விதிவாசகம் என இரண்டாகப் பிரிந்திருக்கும். வாசகத்தில் புதிதாகச் சேர்ப்பவை அடிக்கோடிட்டும், நீக்குபவை சதுர அடைப்புக்குள் குறுக்கே கோடிட்டும் காட்டப்படும். வாசகத்துக்கு நேராகப் போய்விடாமல் முன்னுரையை நிதானமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் நிர்வாக நடைமுறைச் சட்டம் துறையை வாக்குமூலம் கொடுக்கச் செய்வது அங்கேதான். மாற்றத்தின் நோக்கம், எந்தச் சட்டம் இந்த அதிகாரத்தைத் தருகிறது, முதல் ஐந்து ஆண்டுகளில் அரசுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எவ்வளவு செலவு அல்லது வரவு, விதிக்கு உட்பட வேண்டியவர்களுக்கு என்ன செலவு, வேலைவாய்ப்பில் என்ன பாதிப்பு ஆகியவற்றைத் துறை எழுதியே ஆக வேண்டும்.

அதில் சிறு தொழில்கள் பற்றிய பத்தியைத் தேடி எடுங்கள். 100 பேருக்குக் குறைவாகப் பணியாற்றும் இடமும், ஆண்டுக்கு 60 லட்சம் டாலருக்குக் குறைவான மொத்த வரவுள்ள இடமும் சிறு தொழில்; 20 பேருக்கு மிகாதது குறுந்தொழில்; 25,000 பேருக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட நகரம் ஊரகச் சமூகம். இவர்களுக்குப் பாதகமான பொருளாதார விளைவு இருக்குமானால், அதைக் கணக்கிட்டு, குறைந்த பாதிப்புள்ள மாற்று வழிகளையும் துறை ஆராய்ந்து காட்ட வேண்டும். 'பாதிப்பு எதுவும் இல்லை' என்ற ஒற்றை வரியோடு பல முன்மொழிவுகள் கடந்துபோகின்றன. உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்துக்கு உண்மையில் செலவு இருக்கிறது என்று எண்களோடு காட்ட முடிந்தால், நீங்கள் எழுதும் கருத்துகளிலேயே வலுவானது அதுதான். ஏனெனில் அது துறையின் விருப்பத்தை விமர்சிப்பதோடு நிற்காமல், சட்டம் கேட்ட கணக்கில் இருக்கும் குறையையே சுட்டுகிறது.

காலக்கெடு ஒவ்வொரு அறிவிப்பிலும் இருக்கும். விதியை ஏற்பதற்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அந்த நாளைக் கணக்கிட்டு, 'ஏற்கக்கூடிய மிக முந்தைய தேதி' என்று அரசிதழே அச்சிடுகிறது. கருத்து அனுப்பக் கடைசித் தேதி முன்னுரையில் தனியாக இருக்கும். பின்பற்ற வேண்டியது அதைத்தான்.

கட்டணக் கூட்டத்துக்குத் தயாராவது

கட்டண மாற்றத்துக்கான அழைப்பு 'இன் அடிஷன்' பகுதியில் வந்ததும், அதில் சொல்லப்பட்டிருக்கும் கட்டணத் தொகுப்பு ஆவணத்தை ஆணையத்தின் நிதிப் பிரிவு இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ளுங்கள். சேவைக் குறியீடு, இப்போதைய தொகை, உத்தேசத் தொகை, மாற்றத்தின் சதவீதம் என அட்டவணைகளாக இருக்கும். உங்கள் நிறுவனம் கடந்த ஆண்டு அதிகம் பயன்படுத்திய குறியீடுகளைத் தனியாக எடுத்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை என்பதைப் பக்கத்தில் எழுதி, பழைய தொகையாலும் புதிய தொகையாலும் பெருக்கிப் பாருங்கள். தனித்தனியாகச் சிறிதாகத் தெரியும் குறைப்பு ஆண்டு மொத்தத்தில் ஒரு செவிலியரின் சம்பளமாக இருக்கக்கூடும். மாறாக, பெரிதாகத் தெரியும் குறைப்பு உங்களைத் தொடாமலும் போகலாம். இந்தக் கணக்கைப் போடாமல் கூட்டத்துக்குப் போக வேண்டாம்.

நோயாளிகளில் பெரும்பாலோர் ஸ்டார், ஸ்டார் ப்ளஸ் போன்ற, காப்பீட்டு நிறுவனங்கள் வழியே நடக்கும் மெடிக்கெய்ட் திட்டங்களில் இருப்பதால் அரசுக் கட்டணம் நமக்குப் பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். அந்தக் காப்பீட்டு நிறுவனங்களோடு நீங்கள் போட்டிருக்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'மெடிக்கெய்ட் கட்டணப் பட்டியலில் இத்தனை சதவீதம்' என்று அதில் இருந்தால், அரசுப் பட்டியல் குறையும் நாளில் உங்கள் தொகையும் குறையும்.

கூட்டங்கள் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் நடக்கின்றன. இணையம் வழியாகவும் சேரலாம். பேசக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்களே. பேச விரும்பாதவர்கள் அறிவிப்பில் சொன்ன நேரத்துக்குள் எழுத்தில் அனுப்பலாம். பேசினாலும் எழுத்துப் பிரதி ஒன்றை அனுப்பிவிடுவது நல்லது. எண்கள் காதில் நிற்காது. ஆங்கில உச்சரிப்பைப் பற்றிய தயக்கத்தால் நம்மவர்கள் பலர் பேசாமல் இருந்துவிடுவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பதில் எந்தக் குறையும் இல்லை.

இன்னொன்று, நீண்டகாலப் பராமரிப்பு வழங்குபவர்களிடம் ஆணையம் கேட்கும் செலவு அறிக்கை. அடுத்த கட்டணங்களுக்கான தரவு இந்த அறிக்கைகளிலிருந்து வருகிறது. தயாரிப்பவர் ஆணையத்தின் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். அறிக்கை தராவிட்டால் பணத்தை நிறுத்திவைக்கலாம். இதை ஒரு தொல்லையாக எண்ணி, அனுமதிக்கப்பட்ட செலவுகளை விட்டுவிட்டு அவசரமாக நிரப்பி அனுப்புபவர்கள், பிறகு கட்டணம் போதவில்லை என்று கூட்டத்தில் சொல்லும்போது அவர்களுடைய அறிக்கையே அவர்களுக்கு எதிராக நிற்கிறது.

கூட்டாட்சி அரசின் பங்கும் உண்டு. கட்டண முறையை மாநில அளவில் மாற்றும்போது, நடைமுறைக்கு வரும் தேதிக்கு முன்பே பொது அறிவிப்பு வெளியாக வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. மாநிலத் திட்டத்தில் செய்யும் திருத்தம் மெடிகேர் மற்றும் மெடிக்கெய்ட் மையம் என்னும் கூட்டாட்சி அமைப்புக்குப் போக வேண்டும். அங்கே 90 நாட்களுக்குள் ஒப்புதல் தரவோ மறுக்கவோ கூடுதல் தகவல் கேட்கவோ வேண்டும். அப்பகுதியில் வாழும் பொதுமக்களுக்குக் கிடைக்கும் அளவுக்காவது மெடிக்கெய்ட் நோயாளிகளுக்கும் சேவை கிடைக்கப் போதுமான எண்ணிக்கையில் வழங்குநர்களை ஈர்க்கும்படி கட்டணம் இருக்க வேண்டும் என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 1902ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அந்த வாசகத்தைக் காட்டி வழங்குநர்கள் மாநிலத்தின் மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று, ஐடஹோ மாநிலத்திலிருந்து வந்த ஆம்ஸ்ட்ராங் வழக்கில் 2015இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்த வாசல் அடைபட்டுவிட்டதால், கட்டணம் முடிவாகும் முன் சொல்லும் கருத்துக்கு முன்னைவிட அதிக மதிப்பு இருக்கிறது. உங்கள் பகுதியில் புதிய மெடிக்கெய்ட் நோயாளிகளை எத்தனை பேர் ஏற்கிறார்கள், காத்திருப்புக் காலம் எவ்வளவு, அடுத்த மையம் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்பவற்றைச் சேர்த்து எழுதினால், மாநிலத்தோடு கூட்டாட்சி அதிகாரிகளும் பார்க்க வேண்டிய சான்றாக அது மாறும்.

கருத்தை எழுதும் முறை

முதல் பத்தியில் நீங்கள் யார், எந்தக் கவுண்டியில் (மாவட்டம் போன்ற பகுதி) என்ன நடத்துகிறீர்கள், எத்தனை பேருக்குச் சேவை தருகிறீர்கள் என்று சொல்லுங்கள். அடுத்து, எந்த விதிப் பிரிவின் எந்த உட்பிரிவைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதை எண்ணோடு குறிப்பிடுங்கள். 'கட்டணம் மிகக் குறைவு, தயவுசெய்து உயர்த்துங்கள்' என்பதற்கு 'கருத்துக்கு நன்றி' என்ற பதில் மட்டுமே வரும். அதற்குப் பதிலாக, 'எங்கள் பணியாளர் இரண்டு முதியோரின் வீடுகளுக்கு இடையே 40 மைல் ஓட்டுகிறார். அந்த நேரத்துக்கு நாங்கள் சம்பளம் தருகிறோம். உத்தேசச் சூத்திரத்தில் பயண நேரம் எங்கும் கணக்கில் வரவில்லை' என்று எழுதினால், அதற்கு ஆணையம் குறிப்பாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வந்த கருத்துகளைச் சுருக்கிக் கூறி, ஏற்காதவற்றை ஏன் ஏற்கவில்லை என்றும் விளக்கும் காரண உரையோடுதான் விதியை ஏற்க முடியும் என்று சட்டம் சொல்வதே காரணம்.

முடிந்தால் மாற்று வாசகத்தையும் நீங்களே எழுதிக் கொடுங்கள். ஒரு சொல்லை நீக்குவதோ, '30 நாள்' என்பதை '60 நாள்' ஆக்குவதோ அதிகாரிக்கு எளிது; பொதுவான கோரிக்கையிலிருந்து வாசகம் உருவாக்குவது அவருக்குக் கடினம். விதியில் நல்லது இருந்தால் அதையும் சொல்லுங்கள். நல்ல பகுதிக்கு யாரும் ஆதரவு தெரிவிக்காமல், எதிர்ப்பு மட்டும் வந்து, அந்தப் பகுதி இறுதி வடிவத்தில் காணாமல் போவதும் நடக்கிறது.

நோயாளியின் பெயர், பிறந்த தேதி, நோய் விவரம் எதையும் எழுதாதீர்கள். நீங்கள் அனுப்பும் கடிதம் பொது ஆவணமாகிறது. தகவல் கேட்பவர் எவருக்கும் அது போகலாம்.

விதி முன்மொழிவுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் எப்போதும் தானாக நடக்காது. குறைந்தது 25 பேரோ, ஓர் உள்ளாட்சி அமைப்போ, குறைந்தது 25 உறுப்பினர் கொண்ட சங்கமோ கேட்டால், துறை கூட்டத்துக்கு வாய்ப்பளித்தே ஆக வேண்டும். தமிழர்களோ வேறு இந்தியர்களோ நடத்தும் பராமரிப்பு மையங்கள் ஒரே நகரில் பல இருக்கும்போது, 25 கையெழுத்து பெரிய எண்ணிக்கை அல்ல. சங்கமாகப் பதிந்துகொண்டால் இறுதி விதியின் முன்னுரையில் கருத்துச் சொன்னவர்களின் வரிசையில் அதன் பெயரும் அச்சாகும். அடுத்த முறை வரைவு தயாரிக்கும்போது அதிகாரிகள் அந்தப் பட்டியலைப் பார்க்கிறார்கள்.

வேளாண் துறையின் விதிகளில் கவனிக்க வேண்டியவை

வேளாண் துறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இது மாநிலம் முடிவு செய்வதா, கூட்டாட்சி முடிவு செய்வதா என்பது. முதியோர் மையத்தில் ஒரு வேளை உணவுக்குக் கிடைக்கும் தொகையை அமெரிக்க வேளாண் துறை ஆண்டுதோறும் ஜூலை 1 முதல் புதுப்பிக்கிறது. அந்தத் தொகை போதாது என்று ஆஸ்டினுக்கு எழுதிப் பயனில்லை. விண்ணப்பம், தணிக்கை, ஆவணங்களை எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும், முறையீடு செய்வது எப்படி போன்றவற்றில் மாநிலத்துக்குச் சொந்தமாக முடிவெடுக்க இடம் இருக்கிறது. அவற்றில் கருத்துச் சொன்னால் பலன் உண்டு.

சட்டம் வந்த நாளே உரிமம் கிடைத்துவிடும் என்று நம்பியும் முதலீடு செய்யக் கூடாது. தொழிற்சாலைச் சணல் வகையான ஹெம்ப் பயிரிட அனுமதிக்கும் சட்டம் 2019 ஜூனில் கையெழுத்தானது. அதற்குப் பிறகு மாநிலத் திட்டத்தை எழுதி, 2020 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறையின் ஒப்புதல் பெற்று, விதிகளை அரசிதழில் வெளியிட்டு, உரிம விண்ணப்பங்களைப் பெறத் தொடங்கியது 2020 மார்ச்சில்தான். உரிமக் கட்டணம் எவ்வளவு, மாதிரி எடுப்பது யார், போதைப்பொருள் அளவு வரம்பை மீறிய பயிரை என்ன செய்ய வேண்டும் என்பவை எல்லாம் அந்த இடைப்பட்ட மாதங்களில் விதியாக எழுதப்பட்டவை.

நம் வீடுகளையே தொடும் ஒன்று எலுமிச்சை இனப் பயிர்களுக்கான தனிமைப்படுத்தல். சிட்ரஸ் கிரீனிங் என்னும் நோயைப் பரப்பும் ஆசிய சிட்ரஸ் சில்லிட் பூச்சி 2001இல் டெக்சாஸில் காணப்பட்டது. நோய் 2012 ஜனவரியில் தெற்கே சான் ஹுவான் பகுதித் தோட்டம் ஒன்றில் உறுதியானது. பின்னர் ஹூஸ்டன் வட்டாரத்திலும் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகள் அறிவிக்கப்பட்டன. இந்தப் பூச்சி கறிவேப்பிலைச் செடியில் நன்றாக வளர்வதால், கூட்டாட்சி விதிகள் கறிவேப்பிலையைப் பெயர் சொல்லியே கட்டுப்படுத்துகின்றன. தொட்டியில் வளர்த்த கன்றை உறவினருக்கு என்று வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதும், முகநூல் குழுக்களில் விற்பதும் சிறு விஷயமாகத் தோன்றலாம். ஒரு பழத்தோட்டத்தையே அழிக்கும் நோய் நகர்வது இப்படித்தான் என்பதால், அந்த விதியை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். கறிவேப்பிலைக் கன்றுகளை விற்க விரும்புபவர்கள் விதித் தொகுப்பின் 4ஆம் தலைப்பு, 19ஆம் அத்தியாயத்தைப் படித்து, தங்கள் கவுண்டி எந்தப் பகுதியில் வருகிறது என்பதைத் துறையிடம் உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்க வேண்டும்.

பயிர் நோய், கால்நடை நோய் போன்றவற்றில் துறைகள் அவசர விதியைப் பயன்படுத்தக்கூடும். பொது நலத்துக்கு உடனடி ஆபத்து இருந்தால் 30 நாள் அறிவிப்பைக் குறைத்தோ, அறிவிப்பே இல்லாமலோ விதியை ஏற்கலாம். அது 120 நாள் நீடிக்கும்; ஒரு முறை மட்டும் மேலும் 60 நாள் நீட்டிக்கலாம். பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள் நிரந்தர விதியொன்று வழக்கமான முறையில் முன்மொழியப்படும்; கருத்துச் சொல்ல வேண்டிய இடம் அது.

ஏற்கப்பட்ட பிறகு

முன்மொழிவு வெளியாகி ஆறு மாதத்துக்குள் ஏற்கப்படாவிட்டால் அது தானாகவே விலக்கப்பட்டதாகிவிடும். ஏற்கப்பட்ட விதி, வேறு தேதி குறிக்கப்படாத வரையில், மாநிலச் செயலரிடம் தாக்கல் செய்த 20 நாட்களுக்குப் பிறகு நடைமுறைக்கு வரும். 'மாற்றமின்றி ஏற்கப்பட்டது' என்று இருந்தால் வாசகத்தை மீண்டும் அச்சிட மாட்டார்கள். முன்மொழிவு வெளியான இதழுக்குத் திரும்பிப் போய் அதைப் படிக்க வேண்டும். எனவே முன்மொழிவைப் பார்த்த நாளிலேயே அந்த இதழின் பிடிஎஃப் கோப்பைச் சேமித்துவிடுங்கள். ஏற்பு அறிவிப்பில் உங்கள் கருத்துக்கு என்ன பதில் என்று பாருங்கள். பிற்பாடு தணிக்கையில் அந்த விதியின் பொருள் குறித்து வாதம் வந்தால், துறையே எழுதிய அந்தப் பதில் உங்களுக்குக் கைகொடுக்கலாம்.

சட்டம் விதித்த நடைமுறையைத் துறை கணிசமாகப் பின்பற்றவில்லை என்றால், விதி நடைமுறைக்கு வந்த இரண்டு ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். இதற்கு வழக்கறிஞர் வேண்டும், செலவும் அதிகம். செலவில்லாத வழி ஒன்று உண்டு: டெக்சாஸில் வசிப்பவரோ இங்கே இயங்கும் நிறுவனமோ, புதிய விதி வேண்டும் என்று துறைக்கு மனு கொடுக்கலாம். 60 நாட்களுக்குள் துறை ஒன்று காரணம் சொல்லி மறுக்க வேண்டும், அல்லது விதியாக்கத்தைத் தொடங்க வேண்டும். தவிர, இருக்கும் ஒவ்வொரு விதியையும் நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை, அது ஏற்கப்பட்ட காரணம் இன்னும் நீடிக்கிறதா என்று துறைகள் மறுஆய்வு செய்ய வேண்டும். அந்த அறிவிப்பு அரசிதழின் 'ரூல் ரிவ்யூ' பகுதியில் வருகிறது. உங்களுக்குத் தொல்லை தரும் விதி எந்த அத்தியாயத்தில் இருக்கிறது, அதன் அடுத்த மறுஆய்வு எப்போது என்பதைத் துறையின் விதி ஒருங்கிணைப்பாளரிடம் ஒரு மின்னஞ்சலில் கேட்டு, நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.